பரணில் கிடக்கும் வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி: பட்டுத் தெரிந்துகொண்டவை

போன வருடம் தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே 14 கேசட். சித்தி கல்யாணம், என் காது குத்து, அக்கா சடங்கு, அப்பா துறைமுகத்தில் ஓய்வு பெற்ற நாள். "ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும்" என்று அம்மாவிடம் சொன்னேன். நான்கு மாதம் ஆனது. நடுவில் ஒரு கேசட்டைக் கெடுத்தேன், கேசட் ஓட்டும் டெக் ஒன்றைப் படுக்கவைத்தேன், உதவாத சாமான்களுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் தண்டம் அழுதேன். வடசென்னையில் தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ பெரம்பூரிலோ உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். 30 வருடப் பழைய டேப் இன்னும் ஒரே ஒரு முறைதான் ஒழுங்காக ஓடும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்று ஆசையோடு முதலில் போடுவது அக்கா சடங்கு கேசட்டாக இருக்கக் கூடாது. நான் அதைத்தான் போட்டேன்.

1. கேசட்டை வகை பிரியுங்கள்

எல்லாமே "வீடியோ கேசட்" இல்லை. அரை அங்குல டேப் உள்ள பெரிய கறுப்புக் கேசட் விஎச்எஸ். கல்யாண வீடியோக்காரர்கள் தோளில் தூக்கி வந்த பெரிய கேமராவில் போட்டது இதுதான், 80, 90களின் விசேஷங்கள் பெரும்பாலும் இதில்தான் இருக்கும். ஆடியோ கேசட் அளவுக்கு இருந்து கொஞ்சம் தடிமனாக இருந்தால் 8 எம்எம், அதாவது வீடியோ 8 அல்லது ஹை 8. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் மினி டிவி (MiniDV), 2000க்குப் பிறகு எடுத்ததாக இருக்கும். விஎச்எஸ்-சி என்று ஒரு குட்டி உண்டு. அதை மட்டும் ஓர் அடாப்டரில் வைத்து சாதாரண டெக்கில் போடலாம்.

இங்கேதான் முதல் ஏமாற்று. 8 எம்எம் கேசட்டையும் டெக்கில் போட அடாப்டர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது, வரவும் முடியாது. டேப்பின் அகலமே வேறு. விஎச்எஸ்-சி அடாப்டரைக் காட்டி அதுதான் இது என்று சொல்லிவிடுவார்கள்.

கேசட் எந்த நாட்டு முறை என்பதையும் பாருங்கள். நம் ஊரில் பால் (PAL) முறை: நொடிக்கு 25 படம், 576 வரி. லேபிளில் இ-180 என்றிருந்தால் பால் கணக்கில் 180 நிமிட டேப். டி-120 என்றிருந்தால் அமெரிக்கக் கணக்குக் கேசட், என்டிஎஸ்சி முறையில் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் பெட்டியில் பெரியப்பா மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கேசட் ஒன்று இருந்தது. சாதாரண டெக்கில் போட்டால் படம் உருண்டுகொண்டே இருந்தது. கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட இருந்தேன். என்டிஎஸ்சியும் ஓடும் டெக்கில் போட்டதும் பளிச்சென்று வந்தது.

சிடி, டிவிடி ஏற்கெனவே இருந்தால் அதைக் காட்டிக் கேசட்டைத் தூக்கிப்போட விடாதீர்கள். "அதான் அப்பவே சிடி போட்டாச்சேடா, இந்தக் குப்பை எதுக்கு?" என்றுதான் அம்மாவும் கேட்டார். 2002 வாக்கில் கடையில் போட்டுக் கொடுத்த விசிடியில் படத்தின் அளவு 352க்கு 288. கேசட்டிலிருந்து நாம் எடுக்கப்போவது 720க்கு 576. விசிடியில் இருப்பது கால்வாசிப் படம்தான்.

2. ஒரு நோட்டுப் போடுங்கள்

கேசட்டுக்கு ஒரு நம்பர் எழுதி ஒட்டுங்கள். நோட்டில் அந்த நம்பருக்கு நேராக லேபிளில் இருப்பது, யார் எடுத்தது, எந்த வருடம், டேப்பின் நிலை, ஏற்றிய தேதி, ஃபைல் பெயர். முன்பக்கம், முதுகு, உறை மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கடைக்குக் கொடுக்கும்போது இந்த நோட்டுதான் உங்கள் அத்தாட்சி.

வருடம் தெரியாவிட்டால் பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள். "மணி கல்யாணம்" என்று ஒரு லேபிள். எங்கள் குடும்பத்தில் மணி மூன்று பேர். அத்தைதான் உறையில் இருந்த கல்யாண மண்டபத்தின் பெயரைப் பார்த்து எந்த மணி என்று சொன்னார்.

நோட்டுப் போடும்போதே இன்னொரு வேலை. விஎச்எஸ் கேசட்டின் முதுகுப் பக்கம் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்துவிடுங்கள். அது போய்விட்டால் தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் மேலே பதிவாகாது. மினி டிவியில் உடைக்க வேண்டாம், சின்ன தாழ்ப்பாளை "சேவ்" பக்கம் தள்ளினால் போதும்.

3. பூஞ்சை பிடித்ததைத் தனியாக வையுங்கள்

கடல் காற்று அடிக்கும் பக்கம் இது. கேசட் எத்தனை உறைக்குள் இருந்தாலும் ஈரம் ஏறும். மேலே இருக்கும் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுருளை டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாக, வழவழவென்று இருந்தால் சரி. திருநீறு தூவியது போல வெள்ளையாகப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போடாதீர்கள். போட்டால் அந்தக் கேசட் மட்டும் போகாது. தூள் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டையும் கீறும்.

எனக்கு நடந்தது அதேதான். சடங்குக் கேசட்டைப் போட்டதும் இரண்டு நிமிடம் அக்கா தெரிந்தாள், அப்புறம் பனி பெய்தது, அப்புறம் டெக் உள்ளே கிரீச்சென்று ஒரு சத்தம். வெளியே எடுத்தால் டேப் இட்லித் துணி மாதிரி கசங்கித் தொங்கியது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டிவி மெக்கானிக்கிடம் டெக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திறந்து பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, ஹெட்டை பட்ஸ் வச்சுத் துடைச்சீங்களா?" துடைத்திருந்தேன். பஞ்சு நார் ஹெட்டின் முனையில் மாட்டி அதை உடைத்துவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. சரியான முறை இது: ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய மான்தோல் துண்டையோ நார் விடாத வெள்ளைத் தாளையோ ஹெட் பொருந்திய உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையை மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்க்கவே கூடாது. கை நடுங்குகிறவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பூஞ்சைக் கேசட்டுகளை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு மூடி, மற்றதிலிருந்து தள்ளி வையுங்கள். சில வாரத்தில் காய்ந்து தூளாகும், மேலும் பரவாது. அப்புறம் அதற்கென்று பழக்கமுள்ளவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்யலாம். கையாளும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூளை மூச்சில் இழுப்பது நல்லதில்லை. "மொட்டை மாடியில் வெயிலில் காயவை" என்று வீட்டில் சொல்வார்கள். வெயிலில் வைத்தால் டேப் நெளிந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதோ வீட்டுக்குள் தண்ணீர் வந்து நனைந்த கேசட் என்றால், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், ஓட்டிப் பார்க்காதீர்கள். அது நேராக நிபுணரிடம் போக வேண்டிய கேசட்.

கூடு உடைந்து டேப் நன்றாக இருந்தால் பயப்பட வேண்டாம். விஎச்எஸ் கேசட்டின் அடியில் ஐந்து ஸ்க்ரூ. கழற்றி, பழைய சினிமாக் கேசட் ஒன்றின் கூட்டுக்குள் இந்தச் சுருளை மாற்றிவிடலாம். சுருள் எந்த வழியாகப் போகிறது என்று திறந்ததும் ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கை வையுங்கள்.

4. டெக் தேடுதல்

பெரிய தலைவலி இதுதான். டேப் கிடக்கிறது, ஓட்ட மெஷின் இல்லை. கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அதனால் "புது டெக்" என்று யாராவது விற்றால் அது துடைத்து வைத்த பழசு.

பர்மா பஜாரில் கடை கடையாகக் கேட்டேன். சிரித்தார்கள். சென்ட்ரலுக்குப் பின்னால் மூர் மார்க்கெட்டில் ஒன்று கிடைத்தது, பெல்ட் அறுந்தது. கடைசியில் டெக் கிடைத்தது எங்கள் தெருவிலேயே. அந்தக் காலத்தில் கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இரண்டு வைத்திருந்தார். ஆகவே கடைக்குப் போகும் முன் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் தெருவிலும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை டெக் வாடகைக்கு எடுத்து மூன்று படம் பார்த்த ஊர் இது, யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும்.

வாங்கப் போகும்போது போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு சினிமாக் கேசட்டைக் கையோடு கொண்டு போங்கள். போடுங்கள், பத்து நிமிடம் ஓட்டுங்கள், முன்னால் தள்ளுங்கள், பின்னால் சுற்றுங்கள், வெளியே எடுத்து டேப்பின் ஓரம் மடங்கியிருக்கிறதா பாருங்கள். உள்ளே கிரீச் சத்தம் வந்தால் பணத்தைப் பாக்கெட்டிலேயே வையுங்கள். பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று ஏவி அவுட் துளை இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த டெக் என்றால் 110 வோல்ட்டா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

நான் டெக்குக்கு 3,500 ரூபாய் கொடுத்தேன். பெல்ட் மாற்றி, ஹெட் சுத்தம் செய்ய 1,200. நல்ல கேசட் நாலைந்துக்கு மேல் இல்லையென்றால் இந்தச் செலவு தண்டம், 9ஆம் எண்ணுக்குப் போய்விடுங்கள்.

5. நடுவில் உட்காரும் பெட்டி

டெக்கிலிருந்து வரும் படத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்ற ஒரு யூஎஸ்பி கேப்சர் கார்டு வேண்டும். எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவது சுலபம்: தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். ஞாயிறு தவிர்த்துப் போங்கள், பாதிக் கடை பூட்டியிருக்கும்.

நான் முதலில் வாங்கியது 650 ரூபாய்க்கு, பெயர் தெரியாத ஒன்று. கூட வந்த சிடியில் இருந்த டிரைவர் விண்டோஸ் 11இல் ஏறவே இல்லை. வேறு டிரைவர் தேடிப் போட்டால் அரை மணி நேரத்தில் வாயசைப்பும் குரலும் இரண்டு நொடி விலகிவிட்டன. இரண்டாவதாக, ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் குட்டி வெள்ளைப் பெட்டி. டிவியில் பார்க்க அது சரி, ஏற்றுவதற்குச் சரியில்லை. 25 படத்தை 60 ஆக்குகிறேன் என்று அது செய்யும் வேலையில், நடந்துவரும் ஆள் தடுக்கித் தடுக்கி வருவார். ஹாப்பாக் யூஎஸ்பி லைவ் 2, ஐ-ஓ டேட்டா ஜிவி-யூஎஸ்பி2 போல இதற்கென்றே பெயர் வாங்கிய ஒன்றைத் தேடுங்கள். இணையத்தில்தான் கிடைக்கும், விலை பல மடங்கு. மூன்றாவது முறை காசு போடுவதைவிட முதல் முறையே போட்டுவிடலாம்.

படம் மேலே கொடி மாதிரி வளைந்து ஆடினால் கேப்சர் கார்டைத் திட்டாதீர்கள். அது டேப்பின் தள்ளாட்டம். பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ் 10 அல்லது இஎஸ் 15 டிவிடி ரெக்கார்டர் யார் வீட்டிலாவது இருந்தால் டெக்குக்கும் கார்டுக்கும் நடுவில் அதைச் செருகுங்கள். டிவிடி எதுவும் போட வேண்டாம், படம் அதன் வழியாகப் போனாலே நேராகிவிடும்.

6. கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருள் போதும், இலவசம். கார்டை வீடியோ சோர்ஸாகச் சேர்த்து, அதன் அமைப்பில் வீடியோ முறையை பால்-பி என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பெரும்பாலும் இது என்டிஎஸ்சியில் நிற்கிறது என்று அர்த்தம், கேசட்டில் கோளாறு இல்லை. அளவு 720க்கு 576. கேன்வாஸ் 768க்கு 576, படத்தை அதில் முழுதாக நிரப்புங்கள். நொடிக்கு 50 படம். சோர்ஸின் மேல் வலது கிளிக் செய்து டீஇண்டர்லேசிங்கில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுங்கள்.

இந்தக் கடைசி வேலையை விட்டால் என்ன ஆகும்? பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு அரைப் படமாகப் பிரிந்து, வெவ்வேறு நொடித்துளியில் பதிவாகியிருக்கும். கையை ஆட்டினால் விரல் ஓரமெல்லாம் சீப்பின் பல் மாதிரி தெரிவது அதனால்தான். யாடிஃப் 2எக்ஸ் இரண்டையும் தனித்தனிப் படமாக்கி நொடிக்கு 50 கொடுக்கும். அசைவு முன்னும் பின்னும் குதித்தால் "டாப் ஃபீல்டு" என்பதை "பாட்டம்" ஆக்கிப் பாருங்கள்.

பதிவு எம்கேவி வடிவில் இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் எம்பி4 மொத்தமும் திறக்காமல் போகலாம், எம்கேவியில் அதுவரை ஓடியது மிஞ்சும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். பிட்ரேட் 15 எம்பிபிஎஸ் வைத்தால் மணிக்கு 7 ஜிபி அளவில் வரும், 3 மணி நேரக் கேசட்டுக்கு 20 ஜிபி. ஒரு துளியும் விடாமல் எடுக்க வேண்டும் என்கிறவர்கள் வெர்ச்சுவல்டப் 2 என்ற மென்பொருளில், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்யூவி போட்டு எடுப்பார்கள். மணிக்கு 30 ஜிபி வரை போகும். கல்யாண வீடியோவுக்கு அவ்வளவு தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சித்தி கல்யாணத்தை ஒன்றரை மணி நேரம் ஏற்றிவிட்டுக் கேட்டேன். நாதஸ்வரத்துக்குப் பதிலாக எங்கள் வீட்டுக் குக்கர் விசில் நான்கு, தண்ணி கேன்காரர் குரல், அம்மா அவரிடம் சில்லறை கேட்டது எல்லாம் துல்லியமாகப் பதிவாகியிருந்தன. ஓபிஎஸ் லேப்டாப் மைக்கை எடுத்துக்கொண்டிருந்தது. கார்டின் ஆடியோவை மட்டும் வைத்து மைக்கை மூடிவிடுங்கள், ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

7. ஓட்டும் நாள்

மூன்று மணி நேரக் கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும், வேகமாக ஓட்டி ஏற்ற வழி கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு கேசட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், டெக்கும் சூடாகும். தை, மாசி, பங்குனி நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடாதீர்கள். ஏசி அறையிலிருந்து கேசட்டை எடுத்து வெக்கையான கூடத்தில் உடனே போட்டால் உள்ளே வியர்க்கும். கேமரா என்றால் "டியூ" என்று காட்டி ஓட மறுக்கும். ஓட்டப்போகும் அறையிலேயே முந்தின இரவு கேசட்டை எடுத்து வைத்துவிடுங்கள்.

கேசட்டை முழுதாக முன்னால் தள்ளி, முழுதாகப் பின்னால் சுற்றிவிட்டு ஓட்டுங்கள். வருடக்கணக்காகச் சுற்றியே கிடந்த டேப்பின் இறுக்கம் சீராகும். டெக்கின் மெனுவில் "ப்ளூ பேக்" இருந்தால் அணையுங்கள், இல்லாவிட்டால் படம் கொஞ்சம் மங்கும் இடத்திலெல்லாம் நீலத்திரை போட்டுவிடும். லேப்டாப்பைத் தூங்கவிடாதீர்கள், வைஃபையை அணையுங்கள். பதிவைத் தொடங்கி முதல் ஐந்து நிமிடத்தை நிறுத்திப் பார்த்து, குரலும் படமும் சரி என்ற பிறகு மீண்டும் தொடக்கத்திலிருந்து எடுங்கள்.

விட்டுவிட்டுப் போகாதீர்கள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று குறியுங்கள், எடிட்டிங்கில் பாதி வேலை குறையும். வேறு ஒரு காரணமும் இருக்கிறது. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவில் சத்தம் முழுக்க சினிமாப் பாட்டுதான், மேலே இதயமும் ரோஜாவும் பறக்கும். ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் நாலு நொடி அசல் சத்தம் தப்பி வந்திருக்கும். 47ஆவது நிமிடத்தில் ஆயா வீடியோக்காரரிடம், "அந்த லைட்டை அணைப்பா, கண்ணு கூசுது" என்கிறார். எங்களிடம் இருக்கும் ஆயாவின் குரல் அவ்வளவுதான். டீ போட எழுந்து போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

8. மினி டிவி, 8 எம்எம்

மினி டிவியில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். அதை மஞ்சள் வயரில் எடுத்தால் தரத்தைக் கையால் தூக்கிப்போடுவது போல. கேமராவில் ஃபயர்வயர் துளை இருக்கும், அதன் வழியாக எடுத்தால் டேப்பில் இருப்பது அப்படியே நகலாகும், மணிக்கு 13 ஜிபி. இப்போதைய லேப்டாப்களில் ஃபயர்வயர் கிடையாது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஃபயர்வயர் கார்டு போட்டு, வின்டிவி (WinDV) என்ற சின்ன மென்பொருளால் எடுப்பதுதான் மலிவு. மேக் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26 ஃபயர்வயரைக் கைவிட்டுவிட்டது. கேமராவில் யூஎஸ்பி துளையும் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள், பல மாடல்களில் அது குறைந்த தரத்துக்கானது. கேமரா, கம்ப்யூட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு ஃபயர்வயர் கேபிளைச் செருகி, பிறகு ஆன் செய்யுங்கள். ஓடும்போது செருகிக் கேமராவின் துளையை எரித்தவர்கள் உண்டு.

8 எம்எம்முக்கு அதே வகைக் கேமராதான் வேண்டும். டிஜிட்டல் 8 கேமராக்களில் சில மாடல்கள் பழைய வீடியோ 8, ஹை 8 இரண்டையும் ஓட்டி ஃபயர்வயரில் கொடுக்கும். மாடல் எண்ணைச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

9. கடையில் கொடுப்பதென்றால்

கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் நான் முதலில் மூன்று கேசட் கொடுத்த கடையில் பென் டிரைவில் வந்தது இது: ஆட்களெல்லாம் பக்கவாட்டில் இழுத்துக் குண்டாகத் தெரிந்தார்கள், மூலையில் கடையின் பெயர், ஒரு கேசட்டில் கடைசி 40 நிமிடம் காணோம். இரண்டு மணி நேரத்துக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேசட்டுக்கு 400 ரூபாய்.

ஆகவே பேசும்போதே கேளுங்கள். டேப் முடியும் வரை எடுப்பீர்களா? பழைய சதுர வாக்கிலேயே, அதாவது 4க்கு 3இல் தருவீர்களா? பெயர், லோகோ எதுவும் வராதே? ஒட்டாத, வெட்டாத முழு ஃபைல் தருவீர்களா? கணக்கு கேசட்டுக்கா, மணிக்கா? ரசீதில் எத்தனை கேசட், ஒவ்வொன்றின் லேபிளிலும் இருக்கும் எழுத்து, திரும்பத் தரும் தேதி, அசல் கேசட் திரும்பக் கொடுக்கப்படும் என்ற ஒரு வரி எல்லாம் இருக்க வேண்டும். "அதெல்லாம் எதுக்குங்க, நம்ம கடைதானே" என்பார்கள். பரவாயில்லை, எழுதி வாங்குங்கள். முதலில் முக்கியமில்லாத ஒரு கேசட்டை மட்டும் கொடுங்கள். பணத்தில் பாதியை ஃபைலை முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

பென் டிரைவை அவர்கள் ஃபேட்32இல் ஃபார்மேட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது. துண்டு துண்டாக வெட்டியோ தரத்தைக் குறைத்தோ கொடுப்பார்கள். எக்ஸ்ஃபேட்டில் நீங்களே ஃபார்மேட் செய்து கொண்டு போங்கள்.

10. எடிட்டிங்

அசல் ஃபைலைத் தொடாதீர்கள், நகலில் வேலை செய்யுங்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு கனமானது, நல்ல கம்ப்யூட்டர் கேட்கும். சாதாரண லேப்டாப்புக்கு ஷாட்கட், கேடென்லைவ் போதும். புராஜெக்டை நொடிக்கு 50, 4க்கு 3 என்று வையுங்கள். திரை நிரம்பவில்லையே என்று 16க்கு 9 ஆக இழுக்க வேண்டாம், பக்கத்தில் கறுப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். படத்தின் அடியில் பத்து வரி அளவுக்கு ஒரு கிழிசல் ஆடிக்கொண்டிருக்கும், அது எல்லா விஎச்எஸ்ஸிலும் உண்டு. வெட்டிவிடலாம்.

மூன்று மணி நேரக் கல்யாணத்தை யாரும் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. இருபது நிமிடமாக ஒன்று செய்யுங்கள். சாப்பாட்டுப் பந்தியை மட்டும் வெட்டாதீர்கள். கேமரா இலை இலையாக நகரும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இப்போது இல்லாதவர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் போடச் சொல்வது அதைத்தான்.

யூடியூபில் ஏற்றினால் பின்னணி சினிமாப் பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை வரும், சில நேரம் சத்தத்தை மூடிவிடும். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், தரம் குறையாது. 2 ஜிபி வரை போகும். 4 எம்பிபிஎஸ் வைத்தால் ஒரு மணி நேரம் அதற்குள் அடங்கும்.

11. எங்கே வைப்பது

இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில், மாடி வீடாக இருந்தால் இன்னும் நல்லது. எங்களுடையது அம்பத்தூரில் அக்கா வீட்டு இரண்டாம் மாடியில் இருக்கிறது. 2 டிபி ஒன்றுக்கு 6,000 ரூபாய் ஆனது. 14 கேசட்டில் 12 ஏறின, இரண்டு பூஞ்சைக் கேசட் இன்னும் சிலிக்கா ஜெல்லோடு கவருக்குள் காத்திருக்கின்றன. ஏறிய கேசட்டுகளையும் தூக்கிப்போடவில்லை. நிற்கவைத்து, பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாமல், அலமாரியின் நடுத்தட்டில் வைத்திருக்கிறோம்.

டெக் இப்போது கொருக்குப்பேட்டையில் நண்பன் வீட்டில் இருக்கிறது, அவனிடம் ஒன்பது கேசட். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன்: டார்ச் அடித்துப் பார்க்காமல் எதையும் உள்ளே தள்ளக் கூடாது, பட்ஸ் வீட்டிலேயே இருக்கக் கூடாது.